உறைபனி நாட்டில் வால்நட்: நேரத்தோடு உறங்கித் தாமதமாக விழிக்கும் மரத்தைத் தேடி

ஜனவரியில் மைனஸ் 30 டிகிரியைத் தாங்கி நின்ற வால்நட் மரம், மே மாதத்தில் ஒரே இரவில் கருகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் மாலை வரை செம்பழுப்பாகப் பளபளத்துக்கொண்டிருந்த இளந்துளிர்கள், விடிந்தபோது வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு தொங்கின. மதியத்துக்குள் கறுத்துச் சுருண்டுவிட்டன. அன்றிரவு அடித்த குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரிதான். அந்த ஆண்டு அந்த மரத்தில் ஒரு காய்கூட இல்லை.

வடக்கே வால்நட் வைக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இந்த ரகம் எத்தனை டிகிரி வரை தாங்கும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. வால்நட் மரம் மூன்று இடங்களில் அடிபடுகிறது. இலையுதிர்காலத்தில் தண்டு முற்றுவதற்கு முன்பே வரும் முதல் உறைபனி ஒன்று. நடுக்குளிர்காலத்தின் கடுங்குளிர் இன்னொன்று. துளிர்விட்ட பிறகு வரும் கடைசி உறைபனி மூன்றாவது. நடுவில் இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மரத்தையும் காயையும் அதிகம் கெடுப்பவை முன்னும் பின்னும் வருபவை. ஆகவே நாம் தேட வேண்டியது நேரத்தோடு உறங்கப்போய், அவசரப்படாமல் விழிக்கிற மரத்தை. இந்தக் கட்டுரையில் வரும் படிகள் அனைத்தும் அந்த ஒரு தேடலுக்காகத்தான்.

முதல் படி: உங்கள் நிலத்தின் கணக்கை எடுங்கள்

மூன்று எண்கள் தேவை. குளிர்காலத்தில் வழக்கமாக எட்டும் மிகக் குறைந்த வெப்பநிலை, வசந்தத்தின் கடைசி உறைபனித் தேதி, இலையுதிர்காலத்தின் முதல் உறைபனித் தேதி. அமெரிக்க வேளாண் துறையின் குளிர் மண்டல வரைபடத்தில் 5ஆம் மண்டலம் என்றால் சுமார் மைனஸ் 29 முதல் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை. 4ஆம் மண்டலம் என்றால் மைனஸ் 34 முதல் மைனஸ் 29 வரை. 3ஆம் மண்டலம் மைனஸ் 40 வரை இறங்கும். இது முதல் எண்ணை மட்டுமே சொல்லும். மற்ற இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட நாள்கள்தான் உங்கள் மரத்துக்குக் கிடைக்கும் வேலை நாள்கள். வட அமெரிக்க வால்நட் இனமான கருவால்நட் இயற்கையாக வளரும் பகுதியின் வட எல்லையில் இந்த இடைவெளி ஏறக்குறைய 140 நாள்கள். அதற்கும் குறைந்தால் மரம் பிழைக்கலாம், பருப்பு நிரம்பாது.

நிலத்துக்குள்ளேயே இடம் பார்ப்பதும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலப் பள்ளத்தில் தேங்கும். அதனால் சரிவின் மேல்பாதி நல்லது, பள்ளத்தாக்கின் அடித்தளம் கூடாது. தெற்குச் சுவரை ஒட்டி நட்டால் கதகதப்பாக இருக்குமே என்று தோன்றும். அந்தக் கதகதப்புதான் மொட்டை முன்கூட்டியே எழுப்பிவிடும். மண் ஆழமாக இருக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது, அமிலகாரக் குறியீடு (pH) 6 முதல் 7.5 வரை இருந்தால் நலம்.

இரண்டாம் படி: எந்த வால்நட் என்று முடிவு செய்யுங்கள்

கடையில் நாம் வாங்கித் தின்பது பாரசீக வால்நட், அதாவது அக்ரூட். மெல்லிய ஓடு, பெரிய பருப்பு. மிதமான குளிர்காலம் உள்ள இடங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்களே சந்தையை ஆள்கின்றன. கலிஃபோர்னியாவில் பரவலாகப் பயிராகும் சாண்ட்லர் அப்படிப்பட்டது. கடைக் கொட்டை முளைக்கும், ஒரு கோடையில் அழகாக வளரவும் செய்யும்; குளிர்காலம் அதை முடித்துவிடும். புதியவர்கள் பலர் இங்கேதான் முதல் இரண்டு ஆண்டுகளை இழக்கிறார்கள். தயவுசெய்து அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

அதே இனத்தில் குளிர் தாங்கும் கிளை ஒன்று உண்டு. கிழக்கு ஐரோப்பாவின் கார்பாத்திய மலைப்பகுதியில் கடுங்குளிரில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மரங்கள் அவை. 1920களிலும் 1930களிலும் டொராண்டோவைச் சேர்ந்த பால் கிராத் என்ற பாதிரியார் அங்கிருந்து விதைகளைச் சேகரித்து வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். இன்று "கார்பாத்தியன்" என்ற பெயரில் விற்கப்படும் நாற்றுகளில் பலவற்றின் வேர் அந்த விதைகளுக்குப் போகிறது. நன்றாக உறங்கிவிட்ட கார்பாத்தியன் மரம் மைனஸ் 30 டிகிரி அளவுக்குத் தாங்கும். ஆனால் "கார்பாத்தியன்" என்பது ஒரு ரகத்தின் பெயர் அன்று, ஒரு வம்சத்தின் பெயர். ஒரே மரத்தின் விதைகளிலிருந்து வந்த இரண்டு நாற்றுகளில் ஒன்று உறுதியாக நிற்கும், மற்றது கருகும். ஒட்டுச்செடியாக வேண்டுமானால் பிராட்வியூ, ஹேன்சன், சோமர்ஸ் போன்ற பெயர்களைக் கேட்டு வாங்குங்கள்.

கருவால்நட் வட அமெரிக்காவின் சொந்த மரம். 4ஆம் மண்டலம் வரை நம்பி வைக்கலாம். ஓடு கல் போன்றது. பருப்பின் மணம் வேறெந்த வால்நட்டிலும் இல்லாதது. விஸ்கான்சினில் தேர்வான வெஷ்கி என்ற ரகம் வடக்கத்திக்காரர்களுக்கு நெடுநாள் துணை. வட அமெரிக்காவின் இன்னொரு வால்நட் இனமான பட்டர்நட் அதைவிடவும் குளிர் தாங்கும், உறைபனி இல்லாத 105 நாள் இடைவெளியிலும் வளரும். ஆனால் அதன் கதை சோகமானது: 1967இல் விஸ்கான்சினில் முதலில் பதிவான ஒரு பூஞ்சைப் புற்று நோய் காட்டு மரங்களைக் கூட்டங்கூட்டமாக அழித்துவருகிறது. கனடாவில் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் நோயற்ற பட்டர்நட் மரம் ஒன்று நிற்பதைக் கண்டால், உள்ளூர் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அந்த ஒரு மரத்துக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கலாம்.

ஹார்ட்நட் ஜப்பானிய வால்நட்டின் ஒரு வடிவம். கொட்டை இதய வடிவில் இருக்கும். தட்டினால் இரண்டாகப் பிளந்து பருப்பு முழுதாக வரும். 5ஆம் மண்டலத்துக்கு அருமையான மரம், இமுஷு போன்ற ரகங்கள் உண்டு. பட்டர்நட்டும் ஹார்ட்நட்டும் கலந்தது புவார்ட்நட், வீரியமாக வளரும். மஞ்சூரிய வால்நட் மைனஸ் 40ஐயும் பார்க்கும், ஆனால் தடித்த ஓட்டுக்குள் சிறிய பருப்பு. 3ஆம் மண்டலத்தில் இருப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

நாற்று வாங்கும்போது பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாதீர்கள். பாரசீக வால்நட்டின் கூட்டிலையில் 5 முதல் 9 சிற்றிலைகள், விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், நுனிச் சிற்றிலையே பெரியது. கருவால்நட்டில் 15க்கு மேல் சிற்றிலைகள், விளிம்பில் பல் இருக்கும். பட்டர்நட்டின் இளந்தண்டு விரலில் ஒட்டும். இலை உதிர்ந்த தழும்பின் மேல் புருவம் போல ஒரு மயிர்க்கோடு தெரியும். குச்சியை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே நெட்டி ஏணிப்படிபோல அறை அறையாக இருக்கும். அது பட்டர்நட்டில் கரும்பழுப்பாகவும் கருவால்நட்டில் வெளிறியும் இருக்கும்.

மூன்றாம் படி: விதையா, ஒட்டுச்செடியா?

5ஆம் மண்டலத்திலோ அதைவிட மிதமான இடத்திலோ இருந்து, விரைவில் காய் வேண்டும் என்றால் ஒட்டுச்செடி வாங்குங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கும், என்ன காய் வரும் என்பதும் தெரியும். அதைவிடக் குளிரான இடம் என்றால் என் பரிந்துரை விதைதான், அதுவும் நிறைய விதை. பத்து விதை போட்டால் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கிறீர்கள். ஐம்பது, நூறு போட்டால்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். நாற்று காய்க்க ஆறு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். நீண்ட காலம்தான், ஆனால் உங்கள் நிலத்தின் குளிரே சலித்துக் கொடுத்த மரம் கையில் இருக்கும்.

விதையை எங்கிருந்து எடுப்பது? உங்கள் ஊரைவிடக் குளிரான இடத்தில் நிற்கும், காய்க்கிற மரத்திலிருந்து. ரகத்தின் பெயரைவிடத் தாய்மரம் நின்ற இடம் முக்கியம். 1910இல் தொடங்கிய வட அமெரிக்காவின் வடபகுதிக் கொட்டை மர வளர்ப்போர் சங்கம் இன்றும் இயங்குகிறது. இதுபோன்ற சங்கங்களின் உறுப்பினர்கள் விதையும் ஒட்டுக்குச்சியும் பகிர்ந்துகொள்வார்கள்.

நான்காம் படி: விதைக்கு ஒரு குளிர்காலம் கொடுங்கள்

மேல்மட்டையை உரித்த உடனே கொட்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். கருவால்நட்டில் மிதப்பவை பெரும்பாலும் பருப்பு நிரம்பாதவை. மூழ்கியவற்றை எடுத்து ஈர மணலில் கலந்து, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட பெட்டியில் வைத்து, 1 முதல் 5 டிகிரி செல்சியஸில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கருவால்நட்டுக்கும் பட்டர்நட்டுக்கும் மூன்று நான்கு மாதம் வேண்டும். பாரசீக வால்நட்டுக்கு இரண்டு மூன்று மாதம் போதும். மணலை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவுங்கள், மெத்தென்றானதை எறியுங்கள்.

இலையுதிர்காலத்திலேயே நேரடியாக மண்ணில் ஊன்றிவிடலாம். அதுதான் எளிது. ஆனால் அணில்களுக்கு அது விருந்து. ஊன்றிய பாத்தியின் மேல் உறுதியான கம்பிவலையைப் பரப்பி, ஓரங்களைப் புதைத்துவிட வேண்டும். முளை வரும்போது வலையை எடுக்க மறக்கக் கூடாது. ஆழம் நான்கைந்து சென்டிமீட்டர். கொட்டையைப் படுக்க வைத்து, இணைப்புக் கோடு மேலும் கீழுமாக நிற்கும்படி வையுங்கள்.

வசந்தத்தில் அந்தக் கோடு மயிரிழை அளவுக்குப் பிளந்து, வெண்ணிறமாக ஒரு வேர்முனை எட்டிப்பார்க்கும். தண்டு வெளியே தெரிவதற்கு முன்பே ஆணிவேர் ஆழத்தில் இறங்கிவிட்டிருக்கும். வால்நட்டின் குணமே அதுதான்: முதலில் கீழே, பிறகு மேலே. எனவே சாதாரணத் தொட்டியில் வளர்த்தால் வேர் அடியில் சுருண்டுகொள்ளும். தொட்டி தேவையென்றால் ஆழமானதாகவும் அடிப்பகுதி வலையாகவும் உள்ளதை எடுத்து, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். வலையைத் தாண்டும் வேர்நுனி காற்றில் காய்ந்து, மேலே பக்கவேர்கள் கிளம்பும்.

ஐந்தாம் படி: குறிப்பேட்டோடு தேர்ந்தெடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஒவ்வொரு நாற்றுக்கும் எண் கொடுங்கள். மழையில் அழியாத உலோகத் தகட்டில் எழுதிக் கட்டுங்கள். ஆண்டுக்கு மூன்று முறை குறிப்பெடுங்கள்.

இலையுதிர்காலத்தில், எந்தத் தேதியில் நுனி வளர்ச்சி நின்று நுனிமொட்டு மூடியது, எப்போது இலை மஞ்சளாகி உதிர்ந்தது என்று பாருங்கள். உறைபனி வரும்வரை பச்சையாகவே நின்று, கருகிய இலையோடு குளிர்காலத்துக்குள் போகும் நாற்று உறங்கத் தெரியாதது.

குளிர்காலம் முடிந்ததும், நுனியிலிருந்து கீழ்நோக்கி விரல்நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பச்சை என்றால் உயிர் இருக்கிறது. காய்ந்த பழுப்பு என்றால் அந்த அளவு செத்திருக்கிறது. ஒரு மொட்டைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவில் பச்சைப் புள்ளி இருந்தால் நல்லது, தேநீர் நிறம் என்றால் போய்விட்டது. எத்தனை சென்டிமீட்டர் கருகியது என்பதை எழுதுங்கள்.

வசந்தத்தில், முதல் இலை விரிந்த தேதி. நூறு நாற்றுகளில் முந்துவதற்கும் பிந்துவதற்கும் இடையே இரண்டு வாரத்துக்கு மேல்கூட வேறுபாடு இருக்கும். அந்த இரண்டு வாரத்தில்தான் உங்கள் அறுவடை இருக்கிறது. மற்றவை பச்சையாகிவிட்டபோதும் மொட்டு மூடிக் குச்சியாக நிற்கும் நாற்றைப் பார்த்து, செத்துவிட்டதோ என்று பிடுங்கிவிடாதீர்கள். நாம் தேடுவது அதைத்தான்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். வால்நட்டில் துளிர்க்கும் தேதியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. நுனிக் கருகலில் சரியில்லை. இளநாற்று இயல்பாகவே கோடை முடியும்வரை வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் முதல் இரண்டு குளிர்காலங்களில் நுனி கருகுவது சகஜம். மூன்றாம் குளிர்காலத்திலிருந்து கண்டிப்பாக இருங்கள். அப்போதும் ஆண்டுதோறும் அடிவரை கருகித் தளிர்ப்பதை எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: நட்டு, குளிருக்குத் தயார் செய்யுங்கள்

பெரிய மரமாகும், ஆகவே 10 முதல் 12 மீட்டர் இடைவெளி. ஆணிவேர் மடங்காத ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை அகற்றி மூடாக்குப் போடுங்கள். ஆனால் அது தண்டைத் தொடக் கூடாது, எலி ஒளிந்துகொள்ளும். தண்டைச் சுற்றிச் சிறுகண் கம்பிவலை, பனி குவியும் உயரத்துக்கும் மேலே நிற்கும்படி. பனிக்கடியில் எலி பட்டையை வளையமாகக் கடித்துவிட்டால், வசந்தத்தில் பனி உருகும்போதுதான் தெரியும்.

தழைச்சத்து உரம் வசந்தத் தொடக்கத்தில் மட்டும். கோடையின் நடுவில் உரமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் மரம் செப்டம்பரிலும் தளிர்விட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தளிர் குளிருக்குப் பலி. ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து பாசனத்தைக் குறையுங்கள். இலை உதிர்ந்த பிறகு, மண் உறைவதற்கு முன் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தண்டின் தென்மேற்குப் பக்கத்தில் வெள்ளைப் பூச்சு அடிப்பது நல்லது. குளிர்கால வெயிலில் சூடேறும் பட்டை சூரியன் மறைந்ததும் சட்டென உறைந்து வெடிக்கும், அதை இது தடுக்கும். கவாத்து கோடையில்தான், குளிர்கால முடிவில் வெட்டினால் சாறு நாள்கணக்கில் வடியும்.

கருவால்நட்டின் வேர், இலை, மட்டை எல்லாவற்றிலிருந்தும் ஜுக்லோன் என்ற பொருள் மண்ணில் சேரும். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், ஆப்பிள், ப்ளூபெர்ரி ஆகியவற்றை அது வாட்டும். காய்கறிப் பாத்தியை வேர் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

ஏழாம் படி: துணை மரம் இல்லாமல் காய் இல்லை

வால்நட்டின் மகரந்தத்தைக் காற்று சுமக்கிறது. ஒரே மரத்தில் ஆண்பூச் சரமும் பெண்பூவும் உண்டு, ஆனால் இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு நேரத்தில் பக்குவமாகும். சில மரங்களில் ஆண் முந்தும், சிலவற்றில் பெண் முந்தும். எனவே எதிரெதிர்க் குணமுள்ள இரண்டு மரங்களாவது வேண்டும். நாற்றுத் தோட்டம் என்றால் இந்தக் கவலை தானாகத் தீரும். ஒன்றைக் கவனியுங்கள்: ஆண்பூச் சரத்தின் மொட்டு இலைமொட்டைவிடக் குளிருக்கு மென்மையானது. கடுங்குளிருக்குப் பின் மரம் முழுக்க இலை விட்டும் ஒரு காய்கூட இல்லையென்றால், சரங்கள் செத்திருக்கலாம். காய்க்கவில்லை என்று அந்த மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

எட்டாம் படி: காயைச் சோதித்து, நல்ல மரத்தைப் பெருக்குங்கள்

பாரசீக வால்நட்டின் மட்டை தானாக வெடித்துக் கொட்டையை உதிர்க்கும். கருவால்நட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மட்டையில் குழி விழுந்தால் பக்குவம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கறை வாரக்கணக்கில் போகாது. மட்டையை அன்றோ மறுநாளோ உரித்துவிட வேண்டும். உள்ளே கிடந்தால் பருப்பு கறுத்துக் கசக்கும். கழுவி, நிழலில், காற்றோட்டத்தில், ஒற்றை அடுக்காக உலர்த்துங்கள். பருப்பின் இரண்டு பாதிகளுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகடு வளையாமல் படக்கென்று ஒடிந்தால் உலர்ந்துவிட்டது.

ஒவ்வொரு மரத்திலிருந்தும் இருபது கொட்டைகளை எடுத்து எடை போடுங்கள். உடைத்துப் பருப்பை மட்டும் எடை போடுங்கள். பாரசீக வால்நட்டில் பருப்பு பாதி எடைக்கு நெருக்கமாகவும், கருவால்நட்டில் 30 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் நல்ல மரம். பருப்பு முழுதாக வருகிறதா, நிறம் வெளிறியிருக்கிறதா, ஓட்டின் இணைப்பு இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கொட்டை பெரிதாக இருந்தும் பருப்பு சுருங்கியிருந்தால், அந்த மரத்துக்கு உங்கள் கோடை போதவில்லை என்று பொருள். கொட்டையின் அளவைப் பார்த்து மயங்காதீர்கள். வடக்கே, நிரம்பிய சிறு கொட்டை சுருங்கிய பெருங்கொட்டையைவிட எவ்வளவோ மேல்.

சிறந்த மரத்தை ஒட்டுக்கட்டிப் பெருக்கலாம். குளிர்கால இறுதியில், மொட்டு உறங்கும்போதே பென்சில் பருமனுள்ள ஓராண்டுக் குச்சிகளை வெட்டி, ஈரத்தாளில் சுற்றி, உறைநிலைக்குச் சற்று மேலே வையுங்கள். வால்நட் ஒட்டு கூடுவதற்கு ஏறத்தாழ 27 டிகிரி வெப்பம் வேண்டும். வடக்கத்தி வசந்தத்தில் தோல்விகள் அதிகம் வருவது இதனால்தான். வேர்ச்செடியில், அதாவது ஒட்டைத் தாங்கப்போகும் செடியில், இலை விரிந்து பட்டை எளிதாக உரியும்வரை பொறுத்திருந்து, கதகதப்பான நாள்களில் ஒட்டுக்கட்டுங்கள். வெட்டில் சாறு பொங்கினால் ஒட்டு மூழ்கிப்போகும். அதனால் ஒட்டுக்குக் கீழே தண்டில் ஓரிரு கீறல் போட்டுச் சாற்றை அங்கே வடியவிடுங்கள். குச்சியைச் செருகி, இறுகக் கட்டி, வெட்டுவாய் முழுவதையும் மெழுகால் அடையுங்கள். முதல் முயற்சியில் பாதி பிடித்தால் கை நன்றாக வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் முடிந்து, தாமதமாகத் துளிர்த்து, நேரத்தோடு இலை உதிர்த்து, நிரம்பிய பருப்புக் கொடுத்த மரம் ஒன்றிரண்டு உங்களிடம் இருக்கும். அவற்றின் கொட்டைகளை எல்லாம் தின்றுவிடாதீர்கள். உலர்த்தும் முன்பே நல்லவையாக முப்பதை எடுத்து, மர எண்ணை எழுதி ஈர மணலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். மார்ச் மாதத்தில் திறந்து பார்க்க வேண்டும்.